வில்காக்ஸ் கேட்காத மன்னிப்பு

"டீச்சர், 'ரிக்ரெட்'டுக்கும் 'அப்பாலஜைஸு'க்கும் என்ன வித்தியாசம்?"

கேட்டவர் மச்சாது. வயது ஐம்பத்தொன்பது. பதில் சொல்ல வேண்டியவர் பவுலின் டீச்சர். வயது முப்பத்தாறு. இந்தக் கதையில் தாடி சீடருக்குத்தான்.

"உங்க அகராதி என்ன சொல்லுது?"

"ரெண்டுக்கும் வருத்தம்னுதான் போட்டிருக்கு."

"அப்ப என்கிட்ட ஏன் கேக்கீங்க அண்ணாச்சி?"

மச்சாது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அகராதி சொன்னதையே டீச்சரும் சொல்லிவிட்டால், வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று வந்த மனிதர் அவர். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் டீச்சர் வகுப்பு நடத்தினார். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு மாதம் இங்கிலீஷ் படிக்கிற இடம். புத்தகம் கிடையாது, நோட்டு கிடையாது. வினைச்சொல் மட்டும்தான்.

"பொருளுக்குப் பேர் தெரியலைன்னா கையை நீட்டிக் காட்டலாம். வினை தெரியலைன்னா கப்பல்ல ஆள் செத்துருவான்" என்பார் டீச்சர். பிடி என்பதற்கும் விடு என்பதற்கும் ஒரு கயிற்றைக் கொடுத்து நாள் முழுக்கப் பழக்குவார். உள்ளங்கை சிவந்த பிறகு யாருக்கும் அந்த இரண்டு சொல் மறந்ததில்லை.

மச்சாது அங்கே வந்து சேர்ந்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. முப்பத்திரண்டு வருஷம் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. 'இத்துடன் இணைத்துள்ளோம்', 'தங்கள் மேலான கவனத்துக்கு' இரண்டையும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இங்கிலீஷில் சொல்லுவார். தாகமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. அதைப் படிக்கத்தான் வந்தேன் என்று சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர், இரண்டு வருஷமாக எழுந்து போகவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்ட அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள்.

டீச்சர் ஒரு காலி நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டார்.

"இதுகிட்ட 'ஐ ரிக்ரெட்'ன்னு சொல்லுங்க."

சொன்னார். சுலபமாக வந்தது. உச்சரிப்புகூட நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப மத்ததைச் சொல்லுங்க."

மச்சாது வாயைத் திறந்தார். நாற்காலியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"ஆள் இல்லையே டீச்சர்."

"மொதல்ல சொன்னப்பவும் ஆள் இல்லை."

மச்சாது தாடியைத் தடவினார். இவரிடம் வந்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனாலும் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் எதிர்வாதம் எழுதிப் பழகியவர் அத்தனை சீக்கிரம் விடுவாரா?

"முன்னாடி டி.வி.யில படம் நின்னுபோனா அட்டை காட்டுவாங்களே டீச்சர். தடங்கலுக்கு வருந்துகிறோம்னு. அது மன்னிப்பு கேக்கதுதானே?"

"யாரு கேட்டா?"

"டி.வி.க்காரங்க."

"யாருன்னு கேக்கேன்."

"அட்டைதான் காட்டுவாங்க. ஆளு வரமாட்டாரு."

"நீங்க என்ன செய்வீங்க?"

"படம் மறுபடி வர்ற வரைக்கும் அட்டையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்."

டீச்சர் கையை நீட்டினார்.

"கடுதாசியைக் குடுங்க."

"எந்தக் கடுதாசி?"

"சட்டைப் பையில இருக்கே. வந்ததுலேர்ந்து அஞ்சாறு தடவை தொட்டுப் பாத்துட்டீங்க."

மச்சாது உறையை எடுத்துக் கொடுத்தார். கப்பல் கம்பெனிக் கடிதம். நல்ல கனமான தாள்.

"சலேத்தம்மாளுக்கு வந்தது" என்றார். "ரெக்சனோட அம்மா."

டீச்சர் பிரிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ரெக்சன் இங்கதான் படிச்சான்" என்றார். உறையைப் புரட்டிக்கொண்டே, "அவனுக்கு எல்லா வினையும் தெரியும் அண்ணாச்சி" என்றார்.

ரெக்சன் போன வருஷக் கடைசியில் செத்துப்போனான். கப்பலில், சரக்கு இறக்குகிற கிடங்குக் குழிக்குள் ஏணியிலிருந்து விழுந்தான் என்று சொன்னார்கள். பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். ஏன் விழுந்தான், எப்படி விழுந்தான் என்று யாரும் சொல்லவில்லை. கொந்தளிக்கிற கடலில் பாய்மரக் கம்பத்தில் ஏறி நிற்கிற பையன், ஏணியில் எப்படி விழுவான் என்று சலேத்தம்மாள் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கோயிலில் கேட்டாள், ஏஜென்டிடம் கேட்டாள், மீன் வாங்க வந்தவர்களிடமும் கேட்டாள்.

நாற்பது நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம் என்றால் அந்தத் தெருவில் மச்சாதுவிடம்தான் கொண்டுபோவார்கள்.

அவரிடம் கொண்டுபோவதில் ஒரு வசதி இருந்தது. எந்தக் கடிதமானாலும் அவர் வாசித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். விசா இல்லை என்று ஒற்றை வரியில் வந்த கடிதத்தை, "இந்தத் தடவை முடியலைன்னு ரொம்ப மனசு வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க, அடுத்த தடவை பாப்போம்ங்காங்க" என்று வாசிப்பார். மன வருத்தமும் அடுத்த தடவையும் அவர் போட்டது. கடிதத்தைக் கொண்டுவந்தவன் முகம் தெளிந்து போவான். அதைப் பார்த்துப் பழகிவிட்டது மச்சாதுவுக்கு. வெறுங்கையோடு ஒருவரையும் அனுப்ப மாட்டார். பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பரிமாறுகிறவன் ஒரு கரண்டி கூடப் போட்டால் குற்றமா?

சலேத்தம்மாள் கொண்டுவந்த கடிதத்தில் நாலு வரிதான் இருந்தது. உங்கள் மகனின் மறைவுக்கு ஆழ்ந்து வருந்துகிறோம். கீழே வில்காக்ஸ் என்று ஒருவர் கையெழுத்து.

"என்னண்ணே எழுதியிருக்காங்க?"

அவள் உட்கார்ந்திருந்த இருப்பை மச்சாதுவால் பார்க்க முடியவில்லை. நாற்பது நாளில் பாதியாகப் போயிருந்தாள்.

"மன்னிப்பு கேட்டிருக்காங்க தங்கச்சி" என்றார். "எங்க கப்பல்ல இப்படி நடந்துபோச்சு, எங்களை மன்னிச்சிருங்கன்னு எழுதியிருக்காங்க."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெட்டி வந்த அன்று அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். மச்சாதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லது செய்தோம் என்று நினைத்தார்.

அழுது முடித்ததும் அவள் சொன்னாள்:

"மன்னிச்சிட்டேன்னு எழுதிருங்கண்ணே."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இப்ப எதுக்கு? மெதுவா எழுதலாமே."

"கேட்டவங்களைக் காக்கவைக்கக் கூடாதுண்ணே. எழுதுங்க."

எழுதினார். வேறு வழி இல்லை. அவள் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்தாள். பதில் வந்தால் வாசிக்கத் தோதாக இருக்கட்டும் என்று தன் வீட்டு முகவரியையே போட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு சலேத்தம்மாள் தெருவில் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

"மன்னிப்பு கேட்டவங்ககிட்ட அதுக்கு மேல என்னத்தைக் கேக்க?" என்றாள். ரெக்சனோடு ஒரே கப்பலில் இருந்த ஒருவன் ஊருக்கு வந்தபோது அவளைப் பார்க்க வந்தான். ஏணியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அவன் திரும்பவும் கப்பலேறிப் போய்விட்டான்.

இதெல்லாம் மச்சாது சொல்லச் சொல்ல டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உறையைப் பிரித்து வாசித்தார். எட்டு மாதம் கழித்து வந்த பதில்.

'தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் மன்னிப்பு என்று குறிப்பிட்டிருப்பது எதைப் பற்றி என்று எங்களுக்கு விளங்கவில்லை. கம்பெனி தன் மீது எந்தத் தவறையும் ஒப்புக்கொண்டதில்லை. தங்கள் இழப்புக்கு மீண்டும் ஒருமுறை வருந்துகிறோம்.'

அதே வில்காக்ஸ். அதே கையெழுத்து.

"எப்ப வந்துது?"

"மூணு நாளாச்சு. தபால்காரர் அவ கிட்டயும் சொல்லிட்டாரு. தெனம் வாசல்ல நின்னு கேக்கா. கண்ணாடி ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லிவச்சிருக்கேன்."

"என்ன வாசிக்கப் போறீங்க?"

மச்சாது தயாராகத்தான் இருந்தார். மூன்று நாளாக மனதுக்குள் எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்தார்.

"மன்னிச்சதுக்கு நன்றின்னு எழுதியிருக்காங்க. உங்க பெரிய மனசை மறக்க மாட்டோம், உங்க மகனை எங்க கப்பல்ல எல்லாரும் நினைச்சுக்கிடுதோம்னு எழுதியிருக்காங்க. அப்படின்னு முடிச்சிரலாம்னு பாக்கேன்."

"அந்த நாற்காலிகிட்ட வாசிச்சுக் காட்டுங்க."

மச்சாது தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். அருமையாக வாசித்தார். 'பெரிய மனசு' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. அவர் வாசித்ததில் அதுதான் ஆகச் சிறந்தது என்று சொல்ல வேண்டும்.

டீச்சர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப வாசிங்க."

மச்சாது தாளைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். தாளைக் கீழே இறக்கிவிட்டார்.

"நல்லதுக்குத்தான் டீச்சர் செஞ்சேன்."

டீச்சர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அவ இருந்த இருப்புல உண்மையைச் சொன்னா அன்னைக்கே போய்ச் சேந்திருப்பா. அதான் அப்படிச் சொன்னேன். இப்ப நினைச்சா ரொம்ப வருத்தமா இருக்கு டீச்சர்."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். சன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"அதை நாற்காலிகிட்டயே சொல்லுங்க" என்றார்.

மச்சாது காலி நாற்காலியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

சலேத்தம்மாள் காயப்போட்ட கருவாட்டை அள்ளிவிட்டுச் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் மச்சாதுவுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"கண்ணாடி சரியாயிட்டாண்ணே?"

"ஆயிட்டும்மா."

"உள்ள வாங்க. கோயில் மணி அடிக்கப் போவுது. ஜெபமாலை சொல்லிட்டு வாசிப்போம். நல்ல நேரத்துல வந்திருக்கீங்க."

மணி அடித்தது. அவள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றி முழங்காலில் நின்றாள். மச்சாதுவும் பக்கத்தில் முழங்காலிட்டார். ஜெபமாலைக்கு நடுவில் எழுந்து பேசுகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது.

மாலையின் முதல் பத்து மணியை உருட்டி ரெக்சனுக்காக ஒப்புக்கொடுத்தாள். இரண்டாவது, செத்துப்போன புருஷனுக்கு. மூன்றாவது, கடலில் இருக்கிற எல்லோருக்கும். நாலாவது, செத்துப்போன எல்லா ஆத்துமாக்களுக்கும்.

ஐந்தாவதுக்கு முன்னால் தலையைக் குனிந்து, "வில்காக்ஸ் ஐயாவுக்காகவும் அவரு புள்ளைங்களுக்காகவும்" என்றாள்.

மச்சாது வழக்கத்தை மறந்து அவள் பக்கம் திரும்பினார்.

"தெனமும் சொல்லுதியா?"

அவள் கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். எட்டு மாதம். எங்கேயோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு, நாள் தவறாமல் பத்து மணி ஜெபம். பாதி ஜெபத்தை அவள் சொல்ல, மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவர் மச்சாது. சொன்னார்.

முடிந்ததும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தப்பை ஒத்துக்கிட்டு ஒரு எழுத்து எழுதணும்னா அதுக்கு எவ்வளவு மனசு வேணும் இல்லையாண்ணே? நம்ம சனங்கள்லேயே யாரு செய்வா? வாசிங்க."

மச்சாது கண்ணாடியை மாட்டினார். கடிதத்தைப் பிரித்தார். ஒரு வரி இங்கிலீஷில் வாசித்தார், அந்த வரியைத் தமிழில் சொன்னார். அடுத்த வரி வாசித்தார், சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி வாசித்த முதல் கடிதம் அது. வாசித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மன்னிப்புன்னா என்னன்னு விளங்கலையாமா?" என்றாள் அவள்.

"அவங்க கேக்கலம்மா. அதான்."

"மொதக் கடுதாசில கேட்டாங்களே."

"இல்ல."

"நீங்கதானேண்ணே வாசிச்சீங்க?"

"நான்தான் வாசிச்சேன். அதுல வருத்தம்னுதான் இருந்துச்சு. நான் மன்னிப்புன்னு மாத்தி வாசிச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணு இல்லையா?"

சற்று முன்னால் அவர் டீச்சரிடம் கேட்கப் போன கேள்வி. அதற்கு இப்போது அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"கல்யாணத்தன்னைக்கு மழை பேஞ்சா எல்லாரும் வருத்தப்படுவோம்ல. நாம பேயவச்ச மழைன்னு யாரும் சொல்ல மாட்டோம்ல. அப்படித்தான் எழுதியிருக்காங்க. மன்னிப்புன்னா, நான்தான் செஞ்சேன்னு உன் முன்னால வந்து நிக்கணும். அவங்க நிக்கல."

மெழுகுவர்த்தி ஒழுகிக்கொண்டிருந்தது. சலேத்தம்மாள் அதைச் சரிப்படுத்தவில்லை.

"அந்தப் பையன் ஏணியைப் பத்திச் சொல்ல வந்தான்" என்றாள். "வேண்டாம்னுட்டேன்."

"தெரியும்மா."

"எட்டு மாசமா நான் யாரையும் ஒண்ணும் கேக்கலை."

"தெரியும்."

"குடுத்துட்டேனேண்ணே. மனசாரக் குடுத்தேனே. கேக்காதவனுக்குக் குடுத்திருக்கேன். அதை இப்ப யாருகிட்ட போய்த் திருப்பி வாங்க?"

அழுதிருந்தால்கூட மச்சாதுவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுவார் என்று அவளும் எட்டு மாதத்துக்கு முந்தைய மச்சாதுவும் நம்பிக்கொண்டிருந்தது போல இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை. வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது. பயம்தான் அதிகம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து அவள் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, உன் கேள்வியை உன்கிட்டயிருந்து பிடுங்கினது நான்தான். வில்காக்ஸ் இல்ல, நான். என்னை மன்னிச்சிரு."

சொல்லிவிட்டு நின்றார். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. இப்போது அது அவர் கையில் இல்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது.

சலேத்தம்மாள் எழுந்து அவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கினாள். எழுத்துத் தெரியாதவள் அதை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசல்வரை நடந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

மச்சாது செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கினார். திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு வருத்தமா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.